திரையில் வரும் காவலரும் தெருவில் வரும் காவலரும்

மாலை ஐந்து மணி. பள்ளி விட்டு நாங்கள் வீடு திரும்பும் வேளை. பொதட்டூர்பேட்டையில் எந்தத் தெருவில் நடந்தாலும் விசைத்தறியின் 'தடக் தடக்' என்னும் ஓசை காதை நிறைக்கும். அந்த ஓசையையும் மீறி ஒரு குரல் வீட்டுக்கு வீடு கேட்கும். அது தொலைக்காட்சிப் பெட்டியின் குரல்! தறி ஓடினால் ஒலியைக் கூட்டி வைப்பதும், மின்சாரம் நின்றால் இரண்டும் சேர்ந்தே நிற்பதும் நம் ஊர் வழக்கம்.

பெட்டிக்கு முன்னால் எங்கள் தம்பி தங்கையர் அமர்ந்திருப்பார்கள். படத்தில் காக்கிச் சட்டை அணிந்த ஒரு சிறுவன் பாய்ந்து பாய்ந்து கெட்டவர்களை அடிப்பான். நிகழ்ச்சி முடிந்ததும் அதே காட்சி தெருவில் தொடங்கிவிடும். பெரியவன் போலீஸ், இருப்பதிலேயே சின்னவன் திருடன். போலீஸ் திருடனைப் பிடிக்க வேண்டும், பிடித்ததும் அறைய வேண்டும். இதுதான் ஆட்டம். "ஏன்டா அவனை அடிக்கிறாய்?" என்று கேட்டால், "நான் போலீஸ் அக்கா!" என்று பதில் வரும். அடிப்பதற்கு அது ஒன்றே போதுமான காரணம் என்பது அவர்களுடைய எண்ணம்.

இதை நாங்கள் சிரித்துக்கொண்டே நீதிபோதனை வகுப்பில் சொன்னோம். சிஸ்டர் சிரிக்கவில்லை. எங்களிடம் இரண்டு கேள்விகள் கேட்டார். "உங்களில் யார் யார் காவல்துறையில் சேர ஆசைப்படுகிறீர்கள்?" என்றதும் வகுப்பில் பாதிக்கு மேல் கைகள் உயர்ந்தன. "உங்கள் பொருள் ஒன்று திருட்டுப் போனால், தனியாகக் காவல் நிலையத்துக்குள் சென்று புகார் கொடுப்பவர் யார்?" என்றார். ஒரு கைகூட உயரவில்லை!

திரையில் காவலரை நேசிக்கும் நாம், தெருவில் காவல் நிலையத்தைக் கண்டால் ஏன் ஒதுங்கி நடக்கிறோம்? இந்தக் கேள்விக்கு விடை தேடப் புறப்பட்டதன் பயனே இக்கட்டுரை.

நாடகம் திரைப்படமானது

தமிழ்த் திரையின் புகழ்பெற்ற காவல் அதிகாரி யார் என்று எங்கள் தாத்தா பாட்டியரைக் கேட்டோம். தயங்காமல் 'எஸ்.பி. சௌத்ரி' என்றார்கள். 1974-ஆம் ஆண்டு வெளிவந்த 'தங்கப்பதக்கம்' படத்தில் நடிகர் திலகம் சிவாஜி கணேசன் ஏற்ற பாத்திரம் அது. கதை வசனம் மகேந்திரன், இயக்கம் பி. மாதவன். இக்கதை முதலில் மேடையில் நாடகமாக நடிக்கப்பெற்று, மக்கள் போற்றிய பிறகே திரைப்படமாயிற்று. தவறான வழியில் சென்ற தன் மகனையே சட்டத்தின் முன் மன்னிக்காத தந்தையின் கதை அது. அந்தக் கதையில் காவலரின் பெருமை அவர் கைவலிமையில் இல்லை. சொந்த இரத்தத்துக்கும் சலுகை காட்டாத நேர்மையில் இருந்தது.

ஆக, ஒரு வடிவில் வெற்றி பெற்ற காவலர் கதையை மற்றொரு வடிவுக்கு மாற்றுவது புதிய பழக்கமன்று. அக்காலத்தில் மேடையிலிருந்து திரைக்குச் சென்றது. இக்காலத்தில் திரையிலிருந்து வீட்டுத் தொலைக்காட்சிக்கு வருகிறது.

திரைப்படம் தொடரானது

இப்போது எங்கள் தம்பிமார் பார்க்கும் அந்தக் காக்கிச் சட்டைச் சிறுவனுக்கு வருவோம். அவன் பெயர் 'லிட்டில் சிங்கம்'. அவன் பிறந்த கதை சுவையானது.

2010-ஆம் ஆண்டு, ஏறக்குறைய நாங்கள் பிறந்த காலத்தில், இயக்குநர் ஹரி 'சிங்கம்' என்ற படத்தை எடுத்தார். தூத்துக்குடி மாவட்டத்து நல்லூர் என்னும் ஊரில் சப்-இன்ஸ்பெக்டராக இருக்கும் துரைசிங்கம் வேடத்தில் சூர்யா நடித்தார். எதிரி மயில்வாகனமாகப் பிரகாஷ்ராஜ். படம் பெருவெற்றி பெற்றது. அடுத்த ஆண்டே கன்னடத்தில் 'கெம்பே கௌடா' என்றும், இந்தியில் 'சிங்கம்' என்ற அதே பெயரிலும் எடுக்கப்பட்டது. இந்திப் படத்தை ரோஹித் ஷெட்டி இயக்க, அஜய் தேவ்கன் நாயகனானார். எதிரியாக அங்கும் பிரகாஷ்ராஜே வந்தார்! இரண்டு மொழிச் சிங்கங்களிடமும் அடி வாங்கிய பெருமை அவருக்கு உண்டு.

அந்த இந்திப் படத்தின் நாயகனைச் சிறுவனாக்கி, 'லிட்டில் சிங்கம்' என்ற கார்ட்டூன் தொடரை ரிலையன்ஸ் அனிமேஷன் நிறுவனம் உருவாக்கியது. 2018 ஏப்ரலில் டிஸ்கவரி கிட்ஸ் அலைவரிசையில் தொடங்கி, தமிழிலும் ஒலித்தது. தூத்துக்குடியில் புறப்பட்ட சிங்கம் மும்பைக்குப் போய், குட்டியாகி, மீண்டும் தமிழ் பேசிக்கொண்டு நம் வீட்டுக்கு வந்து சேர்ந்தது என்றால் மிகையாகாது!

இது ஒன்றோடு நிற்கவில்லை. 2010-இல் வந்த 'தபாங்' என்ற இந்திப் படம் தமிழில் 'ஒஸ்தி' ஆனது நமக்குத் தெரியும். அந்தப் படத்தின் காவல் அதிகாரி சுல்புல் பாண்டேயும் 2021-இல் கார்ட்டூன் தொடரின் நாயகனாகிவிட்டார்.

வெளிநாட்டிலும் இப்படியே

இவ்வழக்கத்துக்கு மேலைநாடுகள் முன்னோடி. 1948-இல் 'தி நேக்கட் சிட்டி' என்ற அமெரிக்கப் படம் வெளிவந்தது. ஸ்டுடியோவில் தெருவை அமைக்காமல், நியூயார்க் நகரின் உண்மையான தெருக்களிலேயே எடுத்த படம் அது. பத்து ஆண்டுகள் கழித்து, 1958-இல், அதையே தொலைக்காட்சித் தொடராக்கினார்கள். அதுவும் நகரத் தெருக்களிலேயே எடுக்கப்பட்டது. முதலில் அரை மணி நேர நிகழ்ச்சியாக வந்து, 1960 முதல் ஒரு மணி நேரமாக வளர்ந்து, 1963 வரை ஓடியது.

இன்னொரு படம் 1967-இல் வந்த 'இன் தி ஹீட் ஆஃப் தி நைட்'. கறுப்பின மனிதர் ஒருவர் இரயில் நிலையத்தில் அமர்ந்திருக்கிறார். ஊரில் ஒரு கொலை நடந்திருக்கிறது. அவருடைய நிறத்தையும் பையிலிருந்த பணத்தையும் பார்த்தே அவர்தான் குற்றவாளி என்று பிடித்துச் செல்கிறார்கள். விசாரித்தால், அவரே பிலடெல்பியா நகரத்தின் தேர்ந்த துப்பறியும் அதிகாரி! சிட்னி பாய்ட்டியர் நடித்த இப்படம் சிறந்த படம் உட்பட ஐந்து ஆஸ்கர் பரிசுகளைப் பெற்றது. 1988-இல் தொடராகி 1995 வரை ஒளிபரப்பானது.

தொடர் ஏன் முடிவதில்லை?

படத்தைத் தொடராக்கும்போது கதையில் என்ன மாறுகிறது? இதைத்தான் நாங்கள் கூர்ந்து கவனித்தோம்.

திரைப்படத்துக்கு முடிவு உண்டு. இரண்டரை மணி நேரத்தில் எதிரி வீழ்வான், 'வணக்கம்' போட்டுவிடுவார்கள். தொடருக்கோ நாளையும் ஒரு நிகழ்ச்சி வேண்டும். ஆகவே படத்தின் முடிவை முதலில் அவிழ்க்க வேண்டியிருக்கிறது. அந்த 1967-ஆம் ஆண்டுப் படத்தின் இறுதியில் துப்பறியும் அதிகாரி இரயிலேறித் தன் ஊருக்குப் போய்விடுகிறார். தொடரில் என்ன செய்தார்கள் தெரியுமா? தாயின் இறுதிச் சடங்குக்காக அவரை அந்த ஊருக்குத் திரும்ப வரவழைத்து, அங்கேயே வேலையும் கொடுத்துத் தங்க வைத்துவிட்டார்கள். விருந்தாளியாக வந்தவரைக் குடியிருப்பவராக மாற்றினால்தான் வாரா வாரம் கதை நடக்கும்!

இதில் ஒரு நன்மையும் உண்டு. ஊரும் காவலரும் ஒருவரையொருவர் மெல்ல மெல்லப் புரிந்துகொள்வதைக் காட்ட நேரம் கிடைக்கிறது. ஆனால் சிறுவர் தொடரில் அந்த நேரம் இல்லை. சில நிமிடங்களில் குற்றம் நடக்க வேண்டும், நாயகன் வர வேண்டும், எதிரி தோற்க வேண்டும். எனவே எதை எளிதில் விட்டுவிடலாமோ அதை விட்டுவிடுகிறார்கள். புகார் எழுதுவது இல்லை. சாட்சி இல்லை. வழக்கறிஞர் இல்லை. நீதிமன்றம் இல்லவே இல்லை. மிஞ்சுவது என்ன? அடி ஒன்றுதான்!

படத்தில் ஒரு முறை பார்த்த அடி மனத்தில் ஒரு காட்சியாக நிற்கும். தொடரில் நாள்தோறும் பார்க்கும் அடி பழக்கமாகிவிடும். 'போலீஸ் என்றால் அடிப்பவர்' என்று நம் தம்பி தங்கையர் கற்பது இப்படித்தான். இதே பாடத்தை நாங்களும் கற்றோம் என்பதற்கு, வகுப்பில் உயராமல் போன எங்கள் கைகளே சாட்சி. கெட்டவரை அடிப்பவர் என்று கைதட்டுகிறோம்; நம்மையும் அடித்துவிடுவாரோ என்று அஞ்சுகிறோம்!

ஒரு சைக்கிளின் கதை

எங்கள் தோழி ஒருத்தியின் அக்காவுக்கு அரசு வழங்கிய சைக்கிள் ஒன்று இருந்தது. ஒருநாள் கடைத்தெருவில் அது காணாமற் போயிற்று. அவர்கள் வீட்டில் இரண்டு தறிகள். தறியை நிறுத்தினால் அன்றைய கூலி போகும். "போனது போகட்டும், பெண் பிள்ளைகளுக்கு ஸ்டேஷன் வாசப்படி வேண்டாம்" என்றார் அவளுடைய அப்பா. சிஸ்டரின் கேள்வி நினைவிருந்ததால் அவள் விடவில்லை. அம்மாவை அழைத்துக்கொண்டு போனாள். எங்களில் இருவர் துணைக்குச் சென்றோம். படியேறும்போது எங்கள் கால்கள் நடுங்கியது உண்மை.

உள்ளே யாரும் கத்தவில்லை. மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. பெண் காவலர் ஒருவர் நிமிர்ந்து பார்த்து, "என்னம்மா, உட்காருங்க. என்ன ஆச்சு பாப்பா?" என்றார். நடந்ததை ஒரு தாளில் எழுதச் சொன்னார். சைக்கிளின் நிறம், எண், நிறுத்திய இடம், நேரம் என ஒவ்வொன்றாகக் கேட்டார். "தேதி போட்டாயா? கையெழுத்து?" என்று எங்கள் தமிழாசிரியை போலவே திருத்தினார்! பின்பு ஒரு ரசீது தந்தார். "இதைப் பத்திரமா வெச்சுக்கோ. கேட்டு வரும்போது இதைக் காட்டணும்" என்றார். அரை மணி நேரத்தில் வெளியே வந்துவிட்டோம்.

தொலைக்காட்சியாயிருந்தால் அடுத்த விளம்பரத்துக்குள் சைக்கிள் கிடைத்திருக்கும். இக்கட்டுரை எழுதும் இந்நாள் வரை அது கிடைக்கவில்லை. ஆனால் அந்தப் படியில் ஏறும்போது இருந்த அச்சம் இறங்கும்போது இல்லை. அப்பா இப்போது அந்த ரசீதை ரேஷன் அட்டையோடு சேர்த்து வைத்திருக்கிறார்.

தொடரில் வராத சட்டங்கள்

காவல் நிலையம் என்றால் என்ன, அங்கே நமக்கு உள்ள உரிமை என்ன என்று பிறகு படித்தறிந்தோம். தோழியர் அனைவரும் நினைவில் கொள்ள வேண்டியவற்றை இங்கே தருகிறோம்.

கைது செய்யப்பட்ட எவரையும் இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் நீதிபதி முன் நிறுத்த வேண்டும் என்பது நமது அரசியலமைப்பின் 22-ஆவது பிரிவு. பயண நேரம் மட்டுமே இதில் சேராது. போலீசாரிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தை மட்டும் வைத்து ஒருவரைக் குற்றவாளி என்று நீதிமன்றம் தீர்மானிக்க முடியாது. அப்படியானால் அடித்து 'ஒப்புக்கொள்ள' வைப்பதால் என்ன பயன்? தொடர்கள் இதைச் சொல்வதே இல்லை.

டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-இல் தந்த தீர்ப்பின்படி, கைது செய்யும் காவலர் தம் பெயரும் பதவியும் தெளிவாகத் தெரியும் வில்லை அணிந்திருக்க வேண்டும். கைதானவரின் உறவினருக்கோ நண்பருக்கோ செய்தி சொல்ல வேண்டும்.

2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமும், பழைய சட்டத்தைப் போலவே, பெண்களுக்குச் சில பாதுகாப்புகளைத் தருகிறது. சாட்சியாக விசாரிக்க வேண்டிய பெண்ணைக் காவல் நிலையத்துக்கு வரும்படி கட்டாயப்படுத்தக் கூடாது. அவள் இருப்பிடத்துக்கே சென்று விசாரிக்க வேண்டும். மிக அவசியமான நிலை தவிர, சூரியன் மறைந்த பின்பும் உதிக்கும் முன்பும் பெண்களைக் கைது செய்யக் கூடாது. அவசியம் நேர்ந்தால் பெண் அதிகாரி இருக்க வேண்டும், நீதிபதியின் முன் அனுமதியும் வேண்டும். முதல் தகவல் அறிக்கையின் நகலைப் புகார் கொடுத்தவருக்கு இலவசமாகத் தர வேண்டும்.

எங்களை மிகவும் வியக்க வைத்தது 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம். துன்புறுத்தலுக்கு ஆளான சிறுவர் சிறுமியரிடம் வாக்குமூலம் வாங்கும் காவல் அதிகாரி காக்கிச் சீருடையில் இருக்கக் கூடாது என்கிறது அச்சட்டம்! தொடரில் சீருடை என்பது வீரத்தின் அடையாளம். சட்டமோ, அதே சீருடை ஒரு குழந்தையை அஞ்ச வைக்கும் என்பதை உணர்ந்து, அதைக் கழற்றி வைத்துவிட்டு வரச் சொல்கிறது. குழந்தைகளுக்கு 1098, பெண்களுக்கு 181 என்னும் உதவி எண்களும் உள்ளன. பெற்றோர் இவ்விரு எண்களையும் வீட்டுச் சுவரில் எழுதி வைக்க வேண்டுகிறோம்.

சிங்கத்தின் ஊரில் நடந்தது

இனிச் சொல்லப்போவது வருத்தமான செய்தி. ஆயினும் சொல்லாமல் விடுவது முறையன்று.

2020 ஜூன் மாதம், கொரோனா ஊரடங்கின்போது, தூத்துக்குடி மாவட்டம் சாத்தான்குளத்தில் கைப்பேசிக் கடை நடத்திய தந்தையையும் மகனையும், குறித்த நேரத்துக்கு மேல் கடையைத் திறந்து வைத்ததாகக் கூறிக் காவல் நிலையத்துக்குக் கொண்டு சென்றனர். சில நாட்களுக்குள் இருவரும் உயிரிழந்தனர். நாடே அதிர்ந்தது. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தானாகவே முன்வந்து விசாரித்தது. பின்பு வழக்கு சி.பி.ஐ. வசம் சென்றது.

திரைப்படத்துச் சிங்கம் பணியாற்றியதும் அதே தூத்துக்குடி மாவட்டம்தான். 'சாமி', 'சிங்கம்' வரிசையில் ஐந்து காவலர் படங்களை எடுத்தவர் இயக்குநர் ஹரி. காவல்துறையைப் பெருமைப்படுத்தி ஐந்து படங்கள் எடுத்ததற்காக வேதனைப்படுவதாக அப்போது அவர் வெளிப்படையாக அறிக்கை விட்டார். தம் வெற்றியைத் தாமே கேள்வி கேட்பது எளிதா? அந்த மனத்துணிவை நாங்கள் மதிக்கிறோம்.

மறு ஆண்டு, 2021-இல், 'ஜெய் பீம்' வந்தது. காவலில் இறந்த பழங்குடி மனிதருக்காக வாதாடும் வழக்கறிஞராக அதில் நடித்தவர் யார்? சிங்கமாக உறுமிய அதே சூர்யா! சிங்கத்தின் எதிரியாக வந்த பிரகாஷ்ராஜ் இதில் விசாரணை நடத்தும் உயர் காவல் அதிகாரி! ஆனால் 'ஜெய் பீம்' கார்ட்டூன் தொடராகவில்லை. எங்கள் தம்பிமார் நாள்தோறும் பார்ப்பது சிங்கத்தை மட்டுமே.

உண்மையான வீராங்கனைகள்

சாத்தான்குளத்தில் அன்றிரவு பணியில் இருந்தவர்களுள் ஒருவர் ஒரு பெண் தலைமைக் காவலர். விசாரிக்க வந்த நீதிபதியிடம், தாம் கண்டதை அவர் ஒளிக்காமல் கூறினார். உடன் பணிபுரிவோருக்கு எதிராக, அதே நிலையத்துக்குள்ளேயே சாட்சி சொன்னார். அவருக்குப் பாதுகாப்பு அளிக்குமாறு உயர் நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது என்றால் அவருடைய அச்சம் எத்தகையது என்று எண்ணிப் பாருங்கள். அவர் யாரையும் அறையவில்லை. பின்னணி இசை ஒலிக்கவில்லை. உண்மையைச் சொன்னார், அவ்வளவே. எங்கள் எண்ணத்தில் எந்தச் சிங்கமும் அவருக்கு ஈடாகாது!

பெண் காவலர் வரலாறு நம் மாநிலத்தில் பெருமைக்குரியது. கிரண் பேடி 1972-இல் இந்தியக் காவல் பணியில் சேர்ந்த முதல் பெண்மணி ஆனார். தமிழ்நாடு காவல்துறையில் 1973-இல் பெண்கள் சேர்க்கப்பட்டனர். 1992-இல் சென்னை ஆயிரம் விளக்கில் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் திறக்கப்பட்டது. 2010-இல் லத்திகா சரண் மாநிலத்தின் முதல் பெண் காவல்துறைத் தலைமை இயக்குநரானார்.

திரைப்படத்திலிருந்து அல்லாமல், வாழ்க்கையிலிருந்தே எடுத்த தொடரும் ஒன்று இருந்தது. 1989-இல் தூர்தர்ஷனில் வந்த 'உடான்' அது. கவிதா சௌத்ரி தம் அக்கா காஞ்சன் சௌத்ரி பட்டாச்சாரியாவின் வாழ்க்கையை அடிப்படையாகக் கொண்டு, தாமே எழுதி, இயக்கி, நடித்தார். அந்த அக்கா 2004-இல் உத்தராகண்ட் மாநிலக் காவல்துறையின் தலைவரானார். நாட்டிலேயே அப்பதவியை அடைந்த முதல் பெண் அவரே. அதைப் பார்த்து எத்தனையோ சிறுமியர் காக்கிச் சட்டை அணியக் கனவு கண்டார்கள். அடியில்லாத தொடரும் மக்களைக் கவரும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

முடிவாக...

தொடரே பார்க்கக் கூடாது என்று நாங்கள் சொல்ல வரவில்லை. நாங்களும் பார்க்கிறோம், சிரிக்கிறோம், கைதட்டுகிறோம். ஆனால் பெட்டியை அணைத்த பிறகு ஒரு கேள்வியாவது கேட்போம்: 'இவருக்காக யாராவது புகார் எழுதினார்களா? இவரை நீதிபதி முன் நிறுத்தினார்களா?' பெற்றோர்களே, பிள்ளைகளோடு அமர்ந்து பாருங்கள். ஒரு முறையேனும் அவர்களை அழைத்துக்கொண்டு காவல் நிலையத்தின் படியேறிக் காட்டுங்கள்.

சென்ற வாரம் எங்கள் தெருவில் மீண்டும் போலீஸ் விளையாட்டு நடந்தது. திருடன் பிடிபட்டான். போலீஸ் கையை ஓங்கினான். அப்போது சைக்கிளைப் பறிகொடுத்த எங்கள் தோழி ஒரு நோட்டுத் தாளைக் கிழித்து அவனிடம் நீட்டி, "முதலில் புகாரை எழுது. தேதி போடு, கையெழுத்து வாங்கு. பிறகு நீதிபதியிடம் கொண்டு போ" என்றாள். "நீதிபதி யார் அக்கா?" என்று கேட்டான் அவன். இதுவரை திருடனாகவே இருந்து அடி வாங்கி வந்த அந்தச் சின்னவன் குதித்து எழுந்து, "நான்தான்!" என்றான்.

இப்போது எங்கள் தெருவில் ஆட்டம் சற்று நீளமாக நடக்கிறது. ஆனால் யாரும் அழுதுகொண்டு வீட்டுக்குப் போவதில்லை.